வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்
(நியூசிலாந்து நாட்டின் உணவு ஏற்றுமதியும் எதிர்காலமும்)

முன்னுரை

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இப்பழமொழியைச் சொல்லுக்குச் சொல் மெய்ப்பித்துக் காட்டிய நாடு ஒன்று உண்டு. அது தென் பசிபிக் பெருங்கடலில் அமைந்துள்ள நியூசிலாந்து. அதன் பரப்பு சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம் சதுர கிலோ மீட்டர். நம் தமிழ்நாட்டைப் போல் இரு மடங்கு எனலாம். மக்கள் தொகையோ சுமார் 53 லட்சம்தான். சென்னை மாநகரில் வாழ்வோரைவிடக் குறைவு!

இந்நாடு காரையும், கணிப்பொறியையும், பெட்ரோலையும் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. அவற்றுக்குரிய பணத்தைத் தருபவை பசுவும், ஆடும், பழத்தோட்டமுமே. அந்நாடு கப்பலேற்றி அனுப்பும் சரக்குகளின் மதிப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு பால்பொருள், இறைச்சி, பழம், மீன், கம்பளி, மரம் ஆகியவையே. ஆகவே பிற நாட்டார் எதை உண்கிறார்கள், எவரிடம் வாங்குகிறார்கள் என்பதே அந்நாட்டு மக்களின் பிழைப்பாகிறது. உலகில் உணவுச் சந்தைகள் விரைந்து வளர்ந்து வரும் இக்காலத்தில் அந்நாட்டின் வாய்ப்புகள் யாவை, ஆபத்துகள் யாவை, அவற்றுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

புல்லே முதலீடு

நியூசிலாந்தில் கடுங்குளிரும் இல்லை, கடும் வெயிலும் இல்லை. பெரும்பாலான இடங்களில் ஆண்டு முழுவதும் மழை பெய்கிறது. ஆதலால் மாடுகளைத் தொழுவத்தில் கட்டி வைத்துத் தீவனம் வாங்கிப் போட வேண்டிய தேவை பெரிதும் இல்லை. அவை வெளியில் மேய்கின்றன. மேய்ச்சல் நிலத்தில் ஒருவகைப் புல்லையும், குளோவர் என்னும் செடியையும் சேர்த்தே வளர்க்கிறார்கள். நம் ஊர் உளுந்து, பயறு போன்று குளோவரும் காற்றிலுள்ள தழைச்சத்தை வேரில் சேர்த்து மண்ணுக்கு உரமூட்டும் இனத்தைச் சேர்ந்தது.

உலகில் கறக்கப்படும் பாலில் நியூசிலாந்தின் பங்கு நூற்றுக்கு மூன்றுக்கு மேல் இராது. இந்தியாவோ உலகப் பாலில் சுமார் நான்கில் ஒரு பங்கைத் தருகிறது. 1998 முதல் நாமே பால் உற்பத்தியில் முதலிடம் வகிக்கிறோம். ஆயினும் முழுப் பால்மாவு ஏற்றுமதியில் உலகில் முதல்வன் நியூசிலாந்துதான். இது எப்படி? நம் பாலை நாமே குடித்து விடுகிறோம். அவர்களோ தம் பாலில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கை வெளிநாட்டுக்கு விற்று விடுகிறார்கள்.

பாலில் பெரும்பகுதி நீரே. அந்த நீரைக் கடல் கடந்து சுமந்து செல்வது வீண் செலவு. எனவே பாலைக் குறைந்த காற்றழுத்தத்தில் காய்ச்சிச் சுண்ட வைத்துப் பின் சூடான காற்றினூடே நுண்துளிகளாகத் தெளிக்கிறார்கள். ஈரம் உலர்ந்து மாவு கீழே படிகிறது. ஏறக்குறைய 8 லிட்டர் பாலிலிருந்து ஒரு கிலோ மாவு கிடைக்கும். அது மாதக்கணக்கில் கெடாது. சேர்ந்த இடத்தில் நீர் ஊற்றினால் மீண்டும் பாலாகும்.

கடல் கடந்த இறைச்சி

இவ்வணிகத்துக்கு வித்திட்டது ஒரு பாய்மரக் கப்பல். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் அந்நாட்டில் ஆட்டின் கம்பளிக்கு மதிப்பிருந்தது. இறைச்சிக்கு வாங்குவார் இல்லை. 1882 பிப்ரவரி 15 அன்று 'டனீடின்' என்னும் கப்பல், ஏறத்தாழ 5,000 ஆடுகளின் உறைந்த இறைச்சியுடன் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. கப்பலில் பொருத்தியிருந்த நீராவி இயந்திரம் குளிர்காற்றை உண்டாக்கியது. அதன் புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறிகள் பாய்களில் பற்றிய நேரமும் உண்டு. வெப்பமண்டலத்தைக் கடக்கையில் குளிர்காற்று உள்ளே சரியாகப் பரவவில்லை. கப்பல் தலைவர் தாமே காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்து சென்று துளைகள் இட்டார். உடல் விறைத்துப் போன அவரைக் கயிறு கட்டி வெளியே இழுத்துக் காப்பாற்றினர் என்று வரலாறு கூறுகிறது. 98 நாள் பயணத்துக்குப் பின் இறைச்சி கெடாமல் லண்டன் சேர்ந்தது. அன்று முதல் பிரிட்டன் உண்ண, நியூசிலாந்து விளைவித்தது.

ஒற்றை வாசல் அடைபட்டது

இந்த ஏற்பாடு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் நிலைத்தது. 1950-களின் தொடக்கத்தில் அந்நாட்டு ஏற்றுமதியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பிரிட்டன் ஒன்றுக்கே சென்றது. நல்ல வாடிக்கைக்காரர் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதியில் வேறு வாசல் தேட வேண்டிய கட்டாயம் தோன்றவில்லை.

ஆனால் 1961-இல் பிரிட்டன், ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர விண்ணப்பித்தது. அதில் சேர்ந்தால் ஐரோப்பிய உழவர்களின் வெண்ணெய்க்கே அங்கு முதலிடம். முதல் முயற்சி கைகூடாவிட்டாலும், 1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் அதில் சேர்ந்தே விட்டது. நியூசிலாந்து அமைச்சர்கள் முன்னதாகவே பேசி, வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் சில ஆண்டுகள் அவகாசம் பெற்றிருந்தனர். எனினும் பழைய நாட்கள் திரும்பவில்லை. அதே ஆண்டில் எண்ணெய் விலையும் ஏறியது. விற்பது குறைந்தது, வாங்குவது விலை உயர்ந்தது. ஒற்றைத் தூணில் நிற்கும் மண்டபத்தின் கதி என்ன என்பதை அந்நாடு அப்போது உணர்ந்தது.

உழவர்களைத் தாங்க அரசு மானியம் வழங்கியது. 1984 வாக்கில் ஆடு வளர்ப்போரின் வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு அரசின் உதவியாகவே இருந்தது. சந்தை கேட்கிறதோ இல்லையோ, மானியத்துக்காக ஆடுகள் பெருகின. 1982-இல் ஆடுகளின் எண்ணிக்கை 7 கோடி! அதாவது ஒரு மனிதருக்கு இருபதுக்கும் மேற்பட்ட ஆடுகள். 1984-இல் பதவியேற்ற புதிய அரசு அம்மானியங்களை விரைவாக நீக்கியது. பல குடும்பங்கள் துன்புற்றன. ஆயினும் அஞ்சியதைப் போல் ஆயிரக்கணக்கான பண்ணைகள் அழிந்து போகவில்லை. உழவர் பலர் ஆடுகளைக் குறைத்துப் பசு, மான், திராட்சை, பழத்தோட்டம் என்று மாறினர். இன்று அங்குள்ள ஆடுகள் இரண்டரைக் கோடிக்கும் குறைவு.

ஒரு தலைமையாசிரியை கொண்டு வந்த விதை

பழத்தோட்டம் என்றதும் கிவிப் பழத்தின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெண்கள் பள்ளியில் பயிலும் நமக்கு அது தனி மகிழ்ச்சி தரும். இப்பழத்தின் தாயகம் நியூசிலாந்து அன்று, சீனா. வாங்கனூயி பெண்கள் கல்லூரியின் தலைமையாசிரியையாக இருந்த இசபெல் பிரேசர் அம்மையார், சீனாவின் யீச்சாங் நகரில் மறைப்பணி புரிந்த தம் சகோதரியைக் காணச் சென்றார். 1904-இல் நாடு திரும்பியபோது அவர் சில விதைகளைக் கொண்டு வந்தார். அவற்றிலிருந்து வளர்ந்த கொடிகள் 1910-இல் காய்த்தன.

முதலில் அதற்குச் 'சீன நெல்லி' என்னும் பொருள்படும் பெயரே வழங்கியது. அமெரிக்காவுக்கு அனுப்பத் தொடங்கியபோது கவர்ச்சியான வேறு பெயர் தேவைப்பட்டது. நியூசிலாந்தின் தேசியப் பறவையான கிவியின் பெயரை 1959-இல் சூட்டினார்கள். பறக்க இயலாத பறவையின் பெயரைத் தாங்கிய பழம் உலகெங்கும் பறந்தது!

2010-இல் ஒரு நுண்ணுயிர் நோய் டெ புக்கே என்னும் ஊரில் தோன்றி, பொன்னிறக் கிவிக் கொடிகளை அழித்தது. தோட்டக்காரர்கள் நோயுற்ற கொடிகளை வெட்டி, நோயைத் தாங்கும் புதிய பொன்னிற வகையை ஒட்டுக் கட்டினார்கள். ஆராய்ச்சியாளர் அவ்வகையை முன்னரே உருவாக்கி வைத்திருந்ததால்தான் தொழில் பிழைத்தது. இன்று இப்பழத்தை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் சீனாவும் ஒன்று. விதை எங்கிருந்து வந்ததோ அங்கேயே கனி விலையாகிறது.

சந்தை ஏன் வளர்கிறது?

கையில் பணம் குறைவாக உள்ள குடும்பம் அரிசி, கோதுமை, கிழங்கு ஆகியவற்றாலேயே வயிறு நிரப்பும். வருமானம் உயரும்போது சோற்றின் அளவு அதிகம் கூடுவதில்லை. பால், முட்டை, இறைச்சி, பழம் ஆகியவையே கூடுகின்றன. மக்கள் நகரங்களில் குடியேறுகிறார்கள். வீட்டில் குளிர்பதனப் பெட்டி வருகிறது. வேலைக்குச் செல்லும் தாய்மார் பெருகுகிறார்கள். அடுமனைகளும் உணவு விடுதிகளும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கேட்கின்றன. சீனா, இந்தோனேசியா, வியட்நாம், வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் நிகழ்ந்து வருவது இதுவே.

சீனாவுடன் 2008 ஏப்ரல் 7 அன்று நியூசிலாந்து தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்தது. வளர்ந்த நாடுகளுள் சீனாவுடன் இத்தகைய ஒப்பந்தம் செய்த முதல் நாடு அதுவே. தீர்வைகள் படிப்படியாகக் குறைந்தன. பால்மாவுக்கு இருந்த கடைசித் தடையும் 2024 ஜனவரியில் நீங்கியது. 2013-இல் சீனாவே அந்நாட்டுச் சரக்குகளை மிகுதியாக வாங்கும் நாடாயிற்று.

நம்பிக்கையே விலை

ஒப்பந்தம் கையெழுத்தான அதே 2008-இல் ஒரு பெருந்துயரம் வெளிப்பட்டது. சீனாவில் சிலர் பாலில் நீர் கலந்தனர். பாலின் புரத அளவை அறியும் சோதனை உண்மையில் தழைச்சத்தையே அளக்கிறது. அதை ஏமாற்ற, தழைச்சத்து மிகுந்த மெலமைன் என்னும் வேதிப்பொருளைச் சேர்த்தனர். அது குழந்தைகளின் சிறுநீரகத்தில் கல்லாகப் படிந்தது. 6 பச்சிளங்குழந்தைகள் இறந்தன. சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. இதில் முதன்மையாகச் சிக்கிய 'சான்லூ' நிறுவனத்தில் நியூசிலாந்து உழவர்களின் கூட்டுறவு நிறுவனமான 'பான்டெரா' 43 விழுக்காடு பங்கு வைத்திருந்தது. செய்தி நியூசிலாந்து அரசை எட்டியதும், பிரதமர் ஹெலன் கிளார்க் அதைச் சீனத் தலைநகருக்குத் தெரிவிக்கச் செய்தார்.

அதன்பின் சீனத் தாய்மார் வெளிநாட்டுப் பால்மாவு டின்களைத் தேடி அலைந்தனர். ஹாங்காங் நகரில் டின்கள் தீர்ந்து போகவே, நகரை விட்டுச் செல்லும் ஒருவர் இரண்டு டின்களுக்கு மேல் கொண்டு செல்லக் கூடாதென 2013 மார்ச்சில் சட்டமே வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பான்டெராவின் மோர்ப் புரத மாவில் கொடிய நச்சுக் கிருமி இருக்கலாம் என்ற அச்சம் எழுந்தது. சில நாடுகள் உடனே இறக்குமதியை நிறுத்தின. பின்னர் நடந்த சோதனைகளில் அது அந்நச்சுக் கிருமி அன்று எனத் தெளிவாயிற்று. ஆயினும் பொய்யாய்ப் போன அந்த அச்சமே பேரிழப்பைத் தந்தது. டின்னுக்குள் இருப்பது மாவு. டின்னை விற்பது நம்பிக்கை. தன் குழந்தைக்குப் பாலூட்டும் தாய், கண்ணால் காணாத பண்ணையை நம்புகிறாள் அன்றோ?

ஏற்றமும் இறக்கமும்

பெரிய சந்தையில் விலை என்றும் ஒரே நிலையில் நிற்பதில்லை. பால்பொருள்கள் இரு வாரங்களுக்கு ஒருமுறை உலக அளவில் ஏலம் விடப்படுகின்றன. 2014 தொடக்கத்தில் ஒரு டன் முழுப் பால்மாவு ஏறத்தாழ 5,000 அமெரிக்க டாலருக்கு விலைபோனது. 2015 ஆகஸ்டில் அது 1,600 டாலருக்கும் கீழே சரிந்தது. சீனா முன்னரே நிறைய வாங்கிச் சேமித்திருந்தது. ரஷ்யா ஐரோப்பிய உணவுப் பொருள்களுக்குத் தடை விதித்தது. ஐரோப்பாவில் பால் உற்பத்திக்கு இருந்த வரம்பு நீங்கியது. எங்கோ நடந்த இம்மூன்றின் சுமையும் கடன் வாங்கிப் பசு வாங்கிய நியூசிலாந்து உழவனின் தலையில் விழுந்தது.

இன்று வேறொரு மாற்றமும் தெரிகிறது. 2016-இல் சீனாவில் சுமார் 1 கோடியே 79 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2023-இல் பிறந்தவை சுமார் 90 லட்சமே. மேலும் சீனா தன் சொந்தப் பால் உற்பத்தியையும் வெகுவாக உயர்த்தியுள்ளது. குழந்தைகள் குறைந்தால் குழந்தைகளுக்கான பால்மாவும் குறையத்தானே செய்யும்! 1973-இல் பிரிட்டன் கற்பித்த பாடத்தை மறந்து, இம்முறை சீனா என்னும் தூணில் மட்டும் சாய்ந்து விடக் கூடாது என்று அந்நாட்டார் கவலைப்படுவதில் நியாயம் உண்டு.

நிலத்துக்கும் ஓர் எல்லை உண்டு

சந்தை வளர வளர மாடுகளைப் பெருக்கிக் கொண்டே போகலாமா? 1990-இல் ஏறத்தாழ 34 லட்சமாக இருந்த கறவையினப் பசுக்கள் 2014-இல் சுமார் 67 லட்சமாயின. அவற்றின் சிறுநீரிலுள்ள தழைச்சத்து மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரிலும் ஆறுகளிலும் கலந்தது. முன்பு நீந்திக் களித்த ஆறுகள் சிலவற்றில் இப்போது இறங்கவே தயங்குகிறார்கள். அசைபோடும் கால்நடைகள் வெளியிடும் மீத்தேன் வாயுவும் புவியைச் சூடாக்குகிறது. அந்நாடு வெளியிடும் வெப்ப வாயுக்களில் ஏறத்தாழப் பாதி வேளாண்மையிலிருந்தே வருகிறது.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல், இப்புவி நம் அனைவருக்கும் பொதுவான இல்லம் என்று எடுத்துரைத்தது. இல்லத்தின் கிணற்றைக் கெடுத்துவிட்டு முற்றத்தில் கடை விரிப்பது அறிவுடைமை ஆகாது. நியூசிலாந்தில் 2014-க்குப் பின் பசுக்களின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. இனிப் பாலின் அளவைக் கூட்டுவதைவிட, அதே பாலிலிருந்து உயர்ந்த பண்டங்களைச் செய்து மதிப்பைக் கூட்டுவதே வழி என்று பலர் கூறுகின்றனர். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். இலங்கையில் வீட்டுக்கு வீடு அறிமுகமான 'அங்கர்' உள்ளிட்ட தன் கடைப்பண்டத் தொழிலைப் பிரான்சு நாட்டு நிறுவனத்துக்கு விற்க, பான்டெராவின் உழவர்கள் 2025-இல் வாக்களித்தனர். கடனைத் தீர்க்கலாம், மொத்த வணிகத்தில் கருத்தைச் செலுத்தலாம் என்பது ஒரு சாரார் கருத்து. ஊரறிந்த பெயரை விற்கலாமா என்பது மறு சாரார் கேள்வி.

புதிய வாசல்களும் நம் நாடும்

ஆகவே நியூசிலாந்து பல வாசல்களைத் தட்டி வருகிறது. 2023-இல் பிரிட்டனுடனும், 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்துடனும் அதன் வணிக ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவுடன் 2025-இல் நடந்த பேச்சுகள் முடிவுற்றதாக அவ்வாண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கம்பளி, ஆட்டிறைச்சி ஆகியவற்றுக்குத் தீர்வை நீக்கவும், ஆப்பிள், கிவி ஆகியவற்றுக்கு ஓர் அளவு வரை சலுகை தரவும் இந்தியா இசைந்தது. ஆனால் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றுக்குக் கதவைத் திறக்கவில்லை.

இதன் காரணத்தை நம் கிராமங்களில் காணலாம். நியூசிலாந்தில் ஒரு பண்ணையின் மந்தை சராசரியாக 400 பசுக்களுக்கும் மேல். நம் ஊர்களிலோ ஒரு குடும்பத்துக்கு ஒன்றிரண்டு மாடுகளே. விடியற்காலையில் பால் கறந்து, தூக்குப் பாத்திரத்துடன் கூட்டுறவுச் சங்கத்தின் முன் வரிசையில் நிற்போருள் பெண்களே பெரும்பாலோர். அப்பணத்தில்தான் மளிகைக் கடனும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் நடக்கின்றன. மலிவான பால்மாவு வந்து குவிந்தால் அவர்களின் பால் விலை என்னாகும்? ஒரு நாட்டுக்குப் புதிய சந்தையாகத் தோன்றுவது, மற்றொரு நாட்டில் ஏழைத் தாயின் வாழ்வாதாரமாக இருக்கக் கூடும்.

இதனால் நியூசிலாந்தை நாம் பகையாகக் கருத வேண்டியதில்லை. டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் எழும்பக் கொழும்புத் திட்டத்தின் வழியே பொருளுதவி செய்த நாடு அது. நம் வெண்மைப் புரட்சியின் தந்தையான வர்கீஸ் குரியன் பால்தொழில் பயிற்சி பெற்றதும் அங்கேதான். அவர்கள் மேய்ச்சலிலும் கால்நடை நலத்திலும் கற்றதை நாம் கற்கலாம். உழவரே உரிமையாளராக இருக்கும் கூட்டுறவு முறையில் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று துணை நிற்கலாம்.

முடிவுரை

நியூசிலாந்துக்கு வாய்ப்புகள் உள்ளன. ஆசியாவிலும் வளைகுடாவிலும் மக்களின் உணவுத் தட்டு மாறி வருகிறது. நல்ல பாலுக்கும் பழத்துக்கும் விலை கொடுக்க அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். ஆனால் சந்தை வளர்வதால் மட்டும் விற்பவர் வாழ்ந்துவிட முடியாது என்பதை அந்நாட்டின் வரலாறு காட்டுகிறது. ஒரே வாடிக்கைக்காரரை நம்பியிருத்தல் ஆகாது. வாங்குபவரின் நம்பிக்கையைப் பொன்னைப் போல் காக்க வேண்டும். மண்ணும் ஆறும் தாங்கும் அளவறிந்து விளைவிக்க வேண்டும். வாங்கும் நாட்டிலும் உழவர் உண்டு என்பதை மறவாதிருக்க வேண்டும்.

இக்கடமைகளுள் சில நமக்கும் உரியவை. நம் நாட்டிலிருந்தும் அரிசியும், இறாலும், மசாலைப் பொருள்களும் கப்பலேறுகின்றன. நம்முள் எவரேனும் நாளை உணவுச் சோதனைக்கூடத்திலோ, துறைமுகத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ பணி புரியக் கூடும். அன்று நம் கையெழுத்துடன் வெளிச்செல்லும் ஒவ்வொரு பெட்டியையும், எங்கோ ஒரு தாய் நம்பித் திறப்பாள் என்பதை நினைவில் கொள்வோமாக!